‘கிளாடிங்’ என்பதற்கு ‘வேய்மானம்’: ஒரு முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டின் வெளிச்சுவர்மீது கல், ஓடு, மரப்பலகை, அலுமினியத் தகடு முதலியவற்றைப் பொருத்துவதற்கு நம்மூரில் வழங்கும் ‘கிளாடிங்’ என்ற சொல்லுக்கு ஈடாக நம் குழுமத்தில் இதுவரை ‘உறைப்பூச்சு’, ‘சுவர்க்கவசம்’, ‘சுவர்ப்போர்வை’ ஆகிய மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றையும் சில நாள்களாக எண்ணிப் பார்த்தேன். எதற்கும் என் மனம் ஒப்பவில்லை.

‘பூச்சு’ என்பது கொத்தனார் கையில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் சொல். சாந்து பூசுவதும் வண்ணம் பூசுவதும் அதற்குள் அடங்கும். பூசப்படுவது ஈரமாக வந்து சுவரோடு ஒன்றிவிடுவது. பலகையாக வந்து பலகையாகவே நிற்கும் பொருளுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் வேலையிடத்தில் குழப்பமே மிஞ்சும்.

‘கவசம்’ கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் காப்பை உறுதி சொல்கிறது. பொருளோ எப்போதும் காப்பதில்லை. 2017ஆம் ஆண்டு சூன் 14 அன்று இலண்டனில் 24 மாடிக் கிரென்ஃபெல் கோபுரத்தில் பற்றிய தீ, கட்டடத்தைப் புதுப்பித்தபோது வெளிச்சுவரில் பொருத்திய தகடுகளின் வழியாகவே மேலேறியது; 72 பேர் மாண்டனர். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் என்ற, தீப்பற்றும் பிளாஸ்டிக்கை வைத்த பலகைகள் அவை. அதே வகைப் பலகை நம்மூரில் கடைகளின் முகப்பிலும், இப்போது வீடுகளின் முகப்பிலும் ஏறிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் அதைக் கவசம் என்று நம்பி வாங்க நாம் காரணமாகக் கூடாது.

‘போர்வை’ தவறான சொல் அன்று. ஆனால் அதில் கதகதப்பு என்ற பொருள் முந்திக்கொண்டு வருவதால், சுவருக்குள் வெப்பம் புகாமல் தடுக்கும் அடுக்குக்கு அதை ஒதுக்கி வைப்பது நல்லது.

‘ஒட்டினாலும் மாட்டினாலும் கல் கல்தானே, இரண்டுக்கும் ஒரே சொல் போதாதா’ என்று குழுமத்தில் ஓர் அம்மையார் கேட்டிருந்தார்கள். போதாது என்பதை நான் என் வீட்டுச் சுவரில் கற்றேன். கிழக்குச் சுவருக்கு மணற்கல் ‘கிளாடிங்’ செய்து தருவதாக ஒப்பந்தக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு சொல்லைத் தவிர வேலையைப் பற்றி அந்தத் தாளில் வேறு எதுவும் இல்லை; நானும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழையில் இரண்டு கற்கள் பெயர்ந்து விழுந்தன. மற்றவற்றைத் தட்டிப் பார்த்தபோது பாதிச் சுவர் உள்ளே கூடாக ஒலித்தது. கல்லின் முதுகில் ஐந்து இடங்களில் மட்டும் சாந்து உருண்டை வைத்து அழுத்தியிருந்தார்கள். வாடைக்காற்று அடித்த மழைநீர் சந்துகளின் வழியே உள்ளே போய், உருண்டைகளுக்கு நடுவே தேங்கி, வெளியேற வழியின்றிச் சுவருக்குள் இறங்கியிருந்தது. உள்ளறையில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு பொரிந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

முறையான வேலை இரண்டு வகை. ஒன்று, கல்லின் முதுகு முழுவதும் பசைச்சாந்து தடவிச் சுவரோடு இடைவெளியின்றிப் பதிப்பது. மற்றொன்று, துருப்பிடிக்காத எஃகுப் பிடிகளைச் சுவரில் முடுக்கி, கல்லை அவற்றில் தாங்கவிட்டு, பின்னால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் காற்றுச்சந்து விடுவது. இந்த இரண்டாம் முறையில் உள்ளே புகுந்த நீர் கல்லின் முதுகு வழியாக வழிந்து அடியில் வெளியேறிவிடும். மேலும் கீழும் திறப்பு இருந்தால் வெயிலில் சூடேறிய காற்றும் மேலெழுந்து போய்விடும். (பல மாடிக் கட்டடத்தில் அதே சந்து தீயை மேலே இழுக்கும் புகைபோக்கியாகவும் ஆகக்கூடும் என்பதால் இடையிடையே தீத்தடை வைக்க வேண்டும்.) 20 மில்லிமீட்டர் கனமுள்ள கருங்கல் பலகை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 54 கிலோ எடை இருக்கும். அந்த எடையைத் தாங்குவது பசையா பிடியா என்று வீட்டுக்காரர் கேட்கவேண்டுமானால், கேட்பதற்கு அவரிடம் இரண்டு சொற்கள் இருக்க வேண்டும்.

ஒட்டுவதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. டைல்ஸ் ‘பதிப்பது’ என்று எல்லாரும் சொல்கிறோம். ‘கற்பதிப்பு’ என்றால் யாருக்கும் விளங்கும். பிடியில் தாங்கவிட்டு நீரை வழியவிடும் முறைக்கு ‘வேய்தல்’ என்ற வினையை முன்மொழிகிறேன். கூரை வேய்கிறோம், பேச்சில் ‘மேய்கிறோம்’. புல், கீற்று, ஓடு எதுவானாலும் ஒன்றன்மீது ஒன்று படியவைத்து, கீழே கட்டித் தாங்கவிட்டு, நீர் தங்காமல் வழியச் செய்வதே வேய்தல். சுவரில் நடப்பதும் அதே வேலைதான். கூரை நிமிர்ந்து நிற்கிறது, அவ்வளவே.

‘வேய்தல் குடிசைக்கு உரிய சொல், கல்லுக்கும் உலோகத்துக்கும் பொருந்துமா’ என்ற ஐயம் எழலாம். 13ஆம் நூற்றாண்டில் திருவரங்கக் கோயிலுக்குப் பொன்வேய்ந்த சடையவர்மன் சுந்தரபாண்டியன் ‘கோயில் பொன்மேய்ந்த பெருமாள்’ என்றே பெயர் பெற்றான். உலோகத் தகட்டுக்கு அதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை. மாலை சூடுவதற்கும் ‘வேய்தல்’ வழங்கியிருப்பதால், வீட்டை அழகுபடுத்துவது என்ற பொருளும் அதற்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் அதற்காகத்தானே செலவு செய்கிறார்கள்.

பெயர்ச்சொல்லாக ‘வேய்வு’ இலக்கணப்படி சரியே; ஆய்வு, சாய்வு போல அமையும். எனினும் கட்டுமானம், பிடிமானம், தேய்மானம், சாய்மானம் என்று கட்டட வேலையில் புழங்கும் சொற்களின் வரிசையில் நிற்பதால் ‘வேய்மானம்’ என்பதையே விரும்புகிறேன். கல்வேய்மானம், மரவேய்மானம், தகட்டு வேய்மானம் என விரியும். மாட்டப்படும் ஒவ்வொரு பலகைக்கும் வேய்கல், வேய்தகடு, வேய்பலகை என வினைத்தொகையே போதும். ‘வேய்’ மூங்கிலையும் குறிக்குமே என்பாருக்கு: அந்தப் பொருளில் ‘வேய்ங்குழல்’ என இடையில் மெல்லெழுத்துத் தோன்றும், வினைத்தொகையில் தோன்றாது. எழுத்திலேயே வேறுபாடு தெரிந்துவிடும்.

இனி ஒப்பந்தத் தாளில், ‘கிழக்குச் சுவர், 200 சதுர அடி, மணற்கல் வேய்மானம், காற்றுச்சந்து 25 மில்லிமீட்டர், பிடிகள் துருப்பிடிக்காத எஃகு’ என்று எழுதலாம். அதைப் படிக்கும் கொத்தனாருக்கும் பணம் கொடுப்பவருக்கும் ஒரே படம் மனத்தில் வரும்.

‘பிடி’ என்பதில் மட்டும் எனக்கு நிறைவு இல்லை. கல்லைத் தாங்கும் அந்த எஃகுத் துண்டை உங்கள் ஊர்ப் பணியாளர்கள் ‘கிளாம்ப்’ என்பதைத் தவிர வேறு எந்தப் பெயராலேனும் அழைப்பதைக் கேட்டிருந்தால், ஊர்ப்பெயரோடு எழுத வேண்டுகிறேன்.