பேஸ் ஆம்ப்பைத் தூக்க முடியவில்லை, பிரீஆம்ப் பெடல் மட்டும் போதுமா?

மஞ்சக்குப்பம்_நாலுகம்பி

வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன். எட்டு வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பேட்டரி இல்லாத சாதாரண பாசிவ் பேஸ். ஞாயிறு காலை சர்ச், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை புதுச்சேரியில் ஒரு கஃபே.

என் ஆம்ப் 15 அங்குல ஸ்பீக்கர் வைத்த பழைய காம்போ, ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டி. 28 கிலோ. வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிப்பதோடு விடுவதில்லை. "உள்ள என்ன, ஃப்ரிட்ஜா?" என்று அரியாங்குப்பம் வரை கேட்டுக்கொண்டே வருவார்.

போன வாரம் அதுவும் ஊமையாகிவிட்டது. லைட் எரிகிறது, ஸ்பீக்கரில் உஸ்ஸென்று லேசாக இரைகிறது, பேஸ் சத்தம் மட்டும் இல்லை. ரிப்பேர் பார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் "போர்டு போயிடுச்சு" என்றார். அவர் சொன்ன தொகைக்கு நல்ல பிரீஆம்ப் பெடலே வந்துவிடும், அதாவது பேஸின் சிக்னலைப் பலப்படுத்தி மிக்ஸருக்கு அனுப்பும் சின்னக் காலடிப் பெட்டி.

அதனால் இரண்டு கேள்வி. பெடலை வாங்கி நேராக மிக்ஸருக்குக் கொடுத்து ஆம்ப்பையே மறந்துவிடலாமா? ஆம்ப்பில் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டுப் பயிற்சிக்குப் பெடலிலிருந்து நேராக அந்த ஸ்பீக்கருக்கு ஒயர் இழுக்கலாமா? ஜூன் 21 ஃபெத் தெ லா மியூசிக் இசை விழாவில் ஒரு சின்ன மேடை கிடைத்திருக்கிறது. அதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

முத்தியால்பேட்டை_மைக்செட்

சவுண்டு போடுகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பேஸ்காரர் பெடலோடு வந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். மேடையில் பெரிய ஆம்ப் இருந்தால் அவர் ஒரு பக்கம் ஏற்றுவார், நான் ஒரு பக்கம் இறக்குவேன், பாடுகிறவர் இரண்டு பேரையும் முறைப்பார்.

எக்ஸ்எல்ஆர் அவுட் (மைக் ஒயர் மாட்டும் மூன்று பின் ஜாக்) இருக்கிற பெடலாக வாங்குங்கள். கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், அது கட்டாயம் வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். பேஸில் கீழ் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ், அதாவது அந்த இரைச்சல் உங்களோடு சேர்ந்து கொஞ்சம் சுருதி பிசகிப் பாடும். ஸ்விட்சைத் தட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். இரைச்சலை நிறுத்த பிளக்கில் எர்த் பின்னை உடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கையில் கம்பி, வாய்க்குப் பக்கத்தில் மைக், எர்த் இல்லையென்றால் உயிரோடு விளையாட்டு.

இன்னொன்று. கீபோர்டு அடாப்டர் சிலது பெடல் ஓட்டையில் சரியாக நுழையும். ஆனால் 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். பெடல்கள் பெரும்பாலும் 9 வோல்ட், நடுவில் நெகட்டிவ். மாற்றிச் செருகினால் பெடல் காலி.

மாசிமகம்_பேஸ்

தம்பி, நானும் கடலூர்தான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாசிமகத்துக்கு மெல்லிசை மேடை ஏற ஆரம்பித்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. ஆம்ப்பை ஆள் வைத்து மணலில் இழுத்தவன். இப்போது தோள்பையில் ஒரு பெடல், அவ்வளவுதான். சமாதானம்தான், ஆனால் முழுச் சமாதானம் இல்லை.

முதலில் ஸ்பீக்கர் கேள்வி. முடியாது. பெடல் தருவது வெறும் சிக்னல், வோல்ட் கணக்கில் சொற்பம். ஸ்பீக்கர் கோனைத் தள்ள வாட் வேண்டும், அது பவர் ஆம்ப் தருவது. நூறு பேர் பந்திக்குச் சமையல்காரர் மட்டும் வந்தால் ஆயிற்றா, பரிமாற ஆள் வேண்டாமா? பெடல் சமையல்காரர்.

பெடலை மிக்ஸருக்குக் கொடுப்பது நல்ல வழி, புதுசும் இல்லை. 1960களில் டெட்ராய்ட் மோட்டவுன் ஸ்டுடியோவில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் பெரும்பாலும் ஆம்ப்புக்கு மைக் வைக்காமல் நேராக மிக்ஸிங் கன்சோலுக்குத்தான் வாசித்தார். ஆனால் நடுவில் டிஐ பெட்டியோ (பேஸ் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தருவது) பெடலோ இல்லாமல் பேஸை மிக்ஸரில் செருகாதீர்கள். பாசிவ் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள், பலம் குறைந்தது. பெடலின் இன்புட் சுமார் 10 லட்சம் ஓம் இருக்கும், மிக்ஸரின் லைன் இன்புட்டோ 10 ஆயிரம் ஓம் பக்கம். அந்தச் சுமையில் பிக்கப் திணறி, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல வரும்.

கொஞ்சம் கரகரப்பு வைத்து வாசிப்பவர் என்றால் கேபினெட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியில் வரும் ஒலியைப் போலச் செய்வது) உள்ள பெடலாகப் பாருங்கள். பேஸ் ஸ்பீக்கர் மேல் ஒலிகளைத் தானாக வெட்டிவிடும், மேடையின் பெரிய பாக்ஸ் வெட்டாது. சிமுலேஷன் இல்லாவிட்டால் கரகரப்பு, டப்பாவில் மாட்டிய ஈ போலக் கேட்கும். டெக் 21 கம்பெனி 1989இல் கொண்டுவந்த சான்ஸ்ஆம்ப் இந்த யோசனையில் பிறந்ததுதான். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், பிரெஞ்சில் 'சான்' என்றால் 'இல்லாமல்'.

பெடல் தராதது ஒன்று இருக்கிறது: உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். கேட்கிற கூட்டத்துக்குப் பெடல் போதும், வாசிக்கிற உங்களுக்கு மானிட்டர், அதாவது மேடையில் உங்களைப் பார்த்து வைத்த ஸ்பீக்கர், வேண்டும். சின்ன மேடைகளில் மானிட்டர் பாடகருக்காக வைத்தது. ஈ கம்பியைத் திறந்து அடித்தால் 41 ஹெர்ட்ஸ், அந்த அடி ஒலியை அது கிட்டத்தட்டத் தொடாது. மேலே வரும் ஒலிகளைக் கேட்டுக் காது ஊகித்துக்கொள்ளும். ராஜா பாட்டுகளில் பேஸ் ஓட ஆரம்பிக்கும் இடத்தில் இந்த ஊகம் சில சமயம் கைவிட்டுவிடும், எனக்கே விரல் தடுமாறியிருக்கிறது. பெடலுக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன்பு மேடைக்காரரிடம் கேளுங்கள்: பேஸ்காரருக்குத் தனி மானிட்டர் உண்டா?

அப்புறம், உங்கள் ஆம்ப். செத்துவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. ஸ்பீக்கரில் உஸ் வருகிறது என்றால் பவர் பகுதி மூச்சு விடுகிறது. பின்பக்கம் 'சென்ட்', 'ரிட்டர்ன்' என்று இரண்டு ஓட்டை இருக்கும். ஒரு சின்ன ஒயரால் இரண்டையும் இணைத்து வாசித்துப் பாருங்கள். ரிட்டர்ன் ஜாக்குக்குள் ஒரு தகடு உண்டு, எதுவும் செருகாதபோது சிக்னல் அதன் வழியாகத்தான் போகும். நம் ஊர் உப்புக்காற்றில் அது களிம்பு ஏறிவிடும். என் ஆம்ப் இரண்டு முறை இப்படி 'செத்திருக்கிறது'.

டிரம்ஸ்_வில்லியனூர்

பெரியவர் சொன்னதில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேஸ்காரர் ஆம்ப்பை விட்டுவிட்டு வந்தால் முதலில் அனாதையாவது டிரம்ஸ்தான். காலால் கிக் டிரம் அடிப்பது எதனோடு சேர்கிறது என்றே தெரியாது. போன டிசம்பரில் ஒரு கல்யாண ரிசப்ஷனில் முழுக் கச்சேரியும் பேஸ்காரரின் விரலைப் பார்த்தே வாசித்தேன். மானிட்டர் கேட்கும்போது இரண்டாகக் கேளுங்கள் அண்ணா.

மஞ்சக்குப்பம்_நாலுகம்பி

மாசிமகம் அண்ணே, உங்களை எங்கே பார்த்துக் கும்பிடுவது? வீட்டில் இருந்த ஒரு சாண் ஒயரை சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்குப் போட்டேன். சத்தம் வந்த வேகத்தில் கீழ்வீட்டு அக்கா மாடிப்படி ஏறி வந்துவிட்டார். வால்யூம் முழுதாக இருந்ததை மறந்துவிட்டேன். கான்டாக்ட் கிளீனர் வாங்கி ஜாக்குக்குள் அடித்து, பிளக்கை இருபது முறை செருகி எடுத்தேன். இப்போது ஒயர் இல்லாமலே பாடுகிறது.

மஞ்சக்குப்பம்_நாலுகம்பி

ஜூன் 21 முடிந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். பழைய பெடல் ஒன்று கைமாறிக் கிடைத்தது, எக்ஸ்எல்ஆர், கிரவுண்ட் லிஃப்ட் இரண்டும் உண்டு. மேடைக்காரரிடம் முன்பே பேசியதில் 12 அங்குல ஆக்டிவ் பாக்ஸ் (உள்ளேயே பவர் ஆம்ப் இருக்கும் ஸ்பீக்கர்) ஒன்றை எனக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் வைத்தார். முதல் இரண்டு பாட்டு கால் தரையில் இல்லாதது போலத்தான் இருந்தது. மூன்றாவதில் பழகிவிட்டது. நண்பர் எதிரே நின்று போனில் எடுத்த பதிவில் பேஸ் இதுவரை இவ்வளவு தெளிவாக வந்ததில்லை.

ஆம்ப் இனி வீட்டை விட்டு இறங்காது. திரும்பும்போது அதே கண்டக்டர். தோளில் கிட்டார் பையை மட்டும் பார்த்துவிட்டு, "ஃப்ரிட்ஜை வித்துட்டீங்களா?" என்றார்.