பீரியட்ஸ் ஆப்: லொக்கேஷன் கொடுக்கலாமா?

கேள்வி: தங்கைக்கு பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி பிரச்சனை). டாக்டர் தேதி குறிச்சு வைக்கச் சொன்னதால ஒரு ஆப் போட்டிருக்கா. திறந்ததுமே லொக்கேஷன், கான்டாக்ட்ஸ் ரெண்டும் கேட்குது. தேதி குறிக்க அதெல்லாம் எதுக்கு? எனக்குப் பயமா இருக்கு.

பதில் 1: கொடுக்காதீங்க சிஸ். ஃப்ளோங்கற பீரியட்ஸ் ஆப்ல பெண்கள் பதிஞ்ச கர்ப்ப விவரம் ஃபேஸ்புக், கூகுள் வரைக்கும் போனதா அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி குற்றம் சாட்டுச்சு. 2021-ல சமரசம் ஆச்சு. அங்க மருத்துவ விவரங்களைப் பாதுகாக்கிற ஹிப்பா சட்டம் ஆஸ்பத்திரி, டாக்டர், இன்சூரன்ஸ் மாதிரி இடங்களைத்தான் கட்டுப்படுத்தும், இந்த மாதிரி ஆப்களைப் பெரும்பாலும் தொடாது. டாக்டர்கிட்ட சொல்ற மாதிரின்னு நினைச்சுதான் எல்லாரும் பதியறாங்க. அதுதான் எனக்கு ஆத்திரம்.

பதில் 2: ட்ரிப் (drip)னு ஒரு ஓப்பன் சோர்ஸ் ஆப் இருக்கு, அதாவது அதோட கோடை யாரும் பார்க்கலாம். பதிவு போன்லயே இருக்கும்.

கேட்டவர்: நன்றிங்க. செட்டிங்ஸ்ல ரெண்டு பர்மிஷனையும் எடுத்துட்டோம். தேதி வழக்கம்போலப் பதியுது.