டிஸ்டர்ப்ட் பாடிய ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’: மௌனத்துக்கு இவ்வளவு சத்தமா?

பழையரேடியோ:
சைமன் அண்ட் கார்ஃபங்கல் என்ற அமெரிக்க இரட்டையர் பாடிய அந்தப் பாட்டை, டிஸ்டர்ப்ட் என்கிற அமெரிக்க மெட்டல் (அதிரடி ராக்) குழு 2015-இல் திரும்பப் பாடியிருக்கிறது. நேற்றுதான் முழுசாகக் கேட்டேன். முதல் இரண்டு சரணம் வரை பரவாயில்லை. அப்புறம் குழுவின் பாடகர் டேவிட் டிரேமன் தொண்டையைத் திறக்கிறார், மூடவே இல்லை. மனிதர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் போவதைப் பற்றிய பாட்டு இது. அதை ஊரைக் கூட்டிப் பாடினால் என்ன மிச்சம்?

கம்பியறுந்தவன்:
மெட்டல் குழு என்ற பெயரைப் பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டீர்களோ? அதில் உறுமும் கிட்டார் எங்கே இருக்கிறது? பியானோ, அக்கூஸ்டிக் (மின்சாரம் இல்லாத) கிட்டார், வயலின்கள், டிம்பனி முரசு, அவ்வளவுதான். டிரேமன் அடிவயிற்றுக் குரலில் ஆரம்பித்து இரண்டு ஸ்தாயிக்கு மேல் ஏறுகிறார். சும்மா கத்துகிறவரால் அது முடியாது. யூத ஆலயத்தில் வழிபாட்டுப் பாடல்களை ஓதப் பயிற்சி எடுத்தவர் அவர். போகட்டும், நாலாவது சரணத்தில் பாடுகிறவர் எல்லோரையும் முட்டாள்கள் என்று திட்டி எச்சரிக்கிறாரே, அதைக் கிசுகிசுப்பாகவா சொல்வார்கள்?

பழையரேடியோ:
அடுத்த வரியையும் படியுங்கள். அவர் சொன்னதெல்லாம் சத்தமில்லாத மழைத்துளி போல விழுந்து வீணாகிறது. மூலத்தில் இரண்டு குரலும் பதறாமல் போவதால்தான் அந்த இடம் வலிக்கிறது. டிரேமன் அங்கேயும் முழு வேகத்தில்தான் இருக்கிறார்.

நடுநிசி:
நடுவே வருவதற்கு மன்னிக்கவும். மூலம் என்று எதைச் சொல்கிறீர்கள் சார்? 1964 மார்ச்சில் பதிவானதில் இரண்டு குரலும் அக்கூஸ்டிக் கிட்டாரும்தான். அது வந்த ஆல்பம் விற்கவில்லை, இருவரும் பிரிந்தே போனார்கள். 1965 ஜூனில் தயாரிப்பாளர் டாம் வில்சன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பதிவின் மேல் எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் சேர்த்தார். பழைய பதிவில் வேகம் சீராக இல்லாததால் வாசித்தவர்கள் திணறினார்களாம். 1966 ஜனவரியில் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது அந்த ஒட்டுவேலைதான். வானொலி உங்களுக்குப் போட்டதும் அதுதான். ஒரு கணக்குக்கு, டிஸ்டர்ப்டின் வடிவத்தைவிட அதில்தான் ராக் அதிகம்!

கம்பியறுந்தவன்:
அப்படிப் போடுங்க! இன்னொன்று, 2016-இல் கோனன் ஓ’பிரையனின் டிவி நிகழ்ச்சியில் டிரேமன் பாடியதைப் பார்த்துவிட்டு, பாட்டை எழுதிய பால் சைமனே பாராட்டி மின்னஞ்சல் அனுப்பினார்.

பழையரேடியோ:
அவருக்குப் பிடித்தது, சரி. எழுதியவர் பாராட்டினால் என் காதும் தலையாட்ட வேண்டுமா? வில்சன் செய்தது எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் சுற்றிலும் என்னென்னவோ சேர்த்தார், குரலைத் தொடவில்லை. இங்கே மாறியிருப்பதே குரல்தான்.

நடுநிசி:
அது நியாயம். எனக்கும் டிரேமனின் கடைசிச் சரணம் கொஞ்சம் ஓவர்தான். ஆனால் முதல் சரணத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். 1964 பதிவையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பழையரேடியோ:
இப்போதுதான் 1964 பதிவைக் கேட்டேன். எனக்கு வேண்டியது இதுதான்.

கம்பியறுந்தவன்:
அப்போ இத்தனை வருடம் கேட்ட டிரம்ஸ் வடிவத்துக்கு விடை கொடுத்தாச்சா?

பழையரேடியோ:
அது எப்படித் தம்பி? இரண்டாவது சரணத்தில் அந்த டிரம்ஸ் வரும் என்று கை தன்பாட்டுக்குத் தொடையில் தட்டிவிட்டது. இந்தப் பதிவில் அது வரவே இல்லை.