கிளவுட் சிங்க்கை நம்பி 180 கல்வெட்டு போயிட்டுது, வீட்டிலயே வைச்சுச் செய்ய வழி சொல்லுங்கோ

கொக்குவில்காரி:
வணக்கம். எங்கட சனசமூக நிலையத்துக்காக ரெண்டு வருசமா வீடு வீடாப் போய் பழைய கல்வெட்டு (செத்தவீட்டுக்கு அடிக்கிற நினைவுப் புத்தகம்), கோயில் சிறப்பு மலர் வாங்கி ஸ்கான் பண்ணுறன். என்ர லப்டொப், நிலையத்துக் கொம்பியூட்டர், கனடாவில அண்ணாவின்ர பழைய மக், மூண்டையும் ஒரே கிளவுட் கணக்கில சிங்க் போட்டிருந்தன். மாசியில நிலையத்தில இடம் காணாதெண்டு ஒரு தம்பி போல்டரை டிலீட் பண்ணிப்போட்டார், அந்த மிசினில மட்டும் போகும் எண்டுதான் அவர் நினைச்சது, ஆனா மூண்டு இடத்திலயும் போயிட்டுது. நான் கண்டது சித்திரையில, அதுக்குள்ள ட்ராஷ்ல 30 நாளும் முடிஞ்சுது. அதில ஒண்டு ஒரு ஆச்சி றங்குப்பெட்டிக்குள்ள சீலைக்கு அடியில இருந்து எடுத்துத் தந்தது, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சு, அட்டைப் படம் மட்டும் அப்பிடியே இருந்தது. திரும்பக் கேக்கப் போனா ஆச்சி காலமாயிட்டா, வீடு பூட்டிக் கிடக்கு.

மற்றது, லப்டொப்பில பைல் பேர் தெரியுது, நெற் இல்லாட்டி திறக்குதில்லை. கொக்குவில் எண்ட போல்டரும் ரெண்டு கிடக்கு, எழுத்து ஒண்டுதான். ஏன் எண்டு விளங்கேல்லை.

சுன்னாகம் பெடியன்:
அக்கா, வாசிக்கவே கவலையாக் கிடக்கு. சிங்க் எண்டது எல்லா இடத்தையும் ஒரே மாதிரி ஆக்கிறது, அழிச்சா அழிச்சதையும் ஒரே மாதிரி ஆக்கும். அதைப் பக்கப் எண்டு எடுக்கக் கூடாது. பேர் மட்டும் தெரியிறது உங்கட டிஸ்க்கில இடம் மிச்சம் பிடிக்கிற செட்டிங்கால, உண்மையான பைல் உங்களிட்ட இல்லை.

நான் பாவிக்கிறது சிங்க்திங் எண்ட மென்பொருள், மிசினுக்கு மிசின் நேர சிங்க் பண்ணும். இலவசம், நடுவில கம்பனி சேர்வர் வேண்டாம், ஒரே ரவுட்டரில இருந்தா டேற்றாவும் போகாது. நிலையத்தில எப்பவும் ஓடுற ஒரு மிசினில போட்டு, அதில பைல் வேர்சனிங் கட்டாயம் ஒன் பண்ணுங்கோ. மற்ற மிசின் அழிச்சாலோ மாத்தினாலோ பழைய பிரதி அங்க ஒளிச்சிருக்கிற போல்டருக்குள்ள நிக்கும். வேர்சனிங்கில ஸ்ராகேர்ட் எண்ட வகைக்கு 365 நாள்தான் வைச்சிருக்கு, அதை 0 ஆக்கினா எப்பவும் வைச்சிருக்கும். ஆனா அந்த மிசினிலயே இருந்து ஆரும் அழிச்சா வேர்சனிங் காப்பாத்தாது, அதால அதில ஒருத்தரையும் வேலை செய்ய விடாதேங்கோ.

ரெண்டு கொக்குவில் வாறது கொ எழுத்தால. ஒண்டில ஒ எண்ட குறி ஒரே குறியா இருக்கும், மற்றதில எ குறியும் ஆ குறியும் தனித்தனியா இருக்கும், கண்ணுக்கு ஒண்டு, கொம்பியூட்டருக்கு ரெண்டு. பழைய மக் டிஸ்க் பேரைப் பிரிச்சுத்தான் எழுதும். சிங்க்திங் உதைத் தானாச் சரி பண்ணப் பாக்கும். லினக்ஸில பேருக்கு 255 பைட்தான், ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் போகும், அதால 85 குறிதான். கல்வெட்டுத் தலைப்பை முழுசா பைல் பேரா வைக்காதேங்கோ.

பனையடி:
நான் நெக்ஸ்ட்கிளவுட் எண்டு, எங்கட மிசினிலயே கிளவுட் நடத்திற மென்பொருள் வைச்சு ரெண்டு வருசம் ஓட்டினனான். லிங்க் அனுப்ப, போனில பாக்க நல்லது, ஆனா டேற்றாபேஸ், அப்டேற் எண்டு கனக்கப் பாக்கோணும். எங்கட லைனுக்குச் சொந்த ஐபி (நெற் முகவரி) இல்லை, வெளியில இருந்து வர, மிசினுகளைத் தனி வலையா இணைக்கிற ரெயில்ஸ்கேல் போட்டுத்தான் சமாளிச்சன். ஆக்களில்லாத நிலையத்துக்கு அது பாரம்.

ராஸ்பெரி பை எண்ட சின்னக் கொம்பியூட்டர் வாங்காதேங்கோ, கரண்ட் போய்ப் போய் வந்து என்ர மெமரி கார்ட் ரெண்டு செத்தது. 2022 பங்குனியில 13 மணித்தியாலம் நிண்டது மறக்கேலாது. திரை உடைஞ்ச பழைய லப்டொப் ஒண்டு போதும், பற்றரி நல்லா இருந்தா அதுவே யூபிஎஸ்.

இன்னொண்டு, எல்லாத்தையும் ஒரு ஊரில வைக்காதேங்கோ. 1981 இல எங்கட யாழ்ப்பாண நூலகம் எரியேக்க 97,000 புத்தகம் போனது, கனக்க ஏட்டுக்கு வேற பிரதியே இல்லை. கனடா அண்ணாவிட்ட சிங்க்திங்கிலயே பாஸ்வேர்ட் போட்டு ஒரு பிரதி வையுங்கோ, அவரின்ர மிசின் களவு போனாலும் ஒருத்தரும் திறக்கேலாது. நூலகம் எண்ட பேரில இருக்கிற வலைத்தளக்காரர் 2005 இல இருந்து உப்பிடித்தான் சேர்க்கிறவை, வீட்டுக்காரர் சம்மதிச்சா அங்கயும் குடுங்கோ.

கொக்குவில்காரி:
நன்றி அண்ணை, தம்பி. அக்காவின்ர மகளிட்ட திரை உடைஞ்ச லப்டொப் கிடக்கு, சனிக்கிழமை எடுத்து வந்து நிலையத்து அலுமாரிக்கு மேல வைக்கப் போறன். மிச்சக் கல்வெட்டு 400 க்கு மேல இருக்கு. முதல்ல அதுகளின்ர பேரைச் சின்னனாக்கிறன்.