ஒரே இடத்தில் தங்கிவிடுவதா, இயன்றவரை பார்த்துவிடுவதா?

மெல்லநடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீண்ட காலமாக இங்கு வாசித்து மட்டும் வருகிறேன்; எழுதுவது இதுவே முதல் முறை.

நானும் என் கணவரும் ஒரே சமயத்தில் விடுப்பு எடுக்கும் வாய்ப்பு இப்போதுதான் அமைந்திருக்கிறது. என் அம்மாவையும் உடன் அழைத்துச் செல்வதாக இருக்கிறோம். எங்கே போவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எப்படிப் போவது என்பதில்தான் இருவரும் ஒத்துப்போக முடியவில்லை. என் கணவர் காலை முதல் இரவு வரை எந்த நேரத்தில் எந்த இடம் என்று எழுதி வைத்து, ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்க விரும்புகிறார். இவ்வளவு பணமும் விடுப்பும் செலவழித்துப் போகும்போது பார்க்க வேண்டியவற்றைப் பார்க்காமல் திரும்புவது வீண் என்பது அவருடைய எண்ணம். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் கடந்த பயணங்களை நினைத்துப் பார்க்கும்போது, பட்டியலில் இருந்த இடங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிட்டிருக்கின்றன. தெளிவாக நினைவில் நிற்பவை வேறு. ஆற்றங்கரைக் கல்மேடை ஒன்றில் படகுக்காகக் காத்திருந்தபோது, படகோட்டி கயிற்றை ஒரே வீச்சில் தூணில் மாட்டி, முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே, ஏறுகிறவர்களுக்கு மற்றொரு கையை நீட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கை எனக்கு இன்றும் கண்முன் நிற்கிறது. அன்று அந்தப் படகில் ஏறி எதைப் பார்க்கப் போனோம் என்பது நினைவில்லை.

ஆகவே, இம்முறை ஒரே இடத்தில் தங்கி, காலையில் நடந்து, மாலையில் உட்கார்ந்து, அந்த இடத்தைப் பழகிக்கொண்டு திரும்பலாமா என்று கேட்கிறேன். இது சோம்பலா, அல்லது இதிலும் ஒரு பொருள் இருக்கிறதா? வீட்டிலேயே கிடைக்கும் எளிய மகிழ்ச்சிகளுக்காக இவ்வளவு தொலைவு போக வேண்டுமா என்ற ஐயமும் எனக்கு உண்டு. உங்கள் அனுபவத்தையும் நீங்கள் முடிவெடுக்கும் முறையையும் பகிர்ந்துகொண்டால் பேருதவியாக இருக்கும்.

படகுத்துறை எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் பக்கம் நிற்பவன் நான். அதற்கான காரணங்களையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது காரணம் உடல் சார்ந்தது. புதிய இடத்தில் முதல் இரவு உறக்கம் சரியாக வருவதில்லை என்பதைப் பயணம் செய்தவர்கள் அனைவரும் அறிவார்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத இடத்தில் முதல் முறை உறங்குபவரின் மூளையில் இடப்பாதி வலப்பாதியைவிடக் குறைந்த ஆழத்தில் உறங்குவதாகவும், சிறு ஒலிக்கும் விழித்துக்கொள்ளும் நிலையில் இருப்பதாகவும் கண்டறிந்தார்கள். அதே இடத்தில் மறுமுறை உறங்கியபோது அந்த வேறுபாடு காணப்படவில்லை. இதைப் படித்த பிறகு பயணத் திட்டங்களை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. நாளுக்கொரு விடுதி என்று திட்டமிடுபவர் ஒவ்வோர் இரவையும் முதல் இரவாகவே கழிக்கிறார். அரை உறக்கத்தோடு எழுந்து, பையைக் கட்டி, வண்டியைப் பிடித்து, களைத்த கண்களோடுதான் அந்தப் புகழ்பெற்ற இடங்களைப் பார்க்கிறார். வயதான உங்கள் அம்மாவுக்கு இது இன்னும் கடினமாக இருக்கும்.

இரண்டாவது காரணம், திரும்பி வந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பது. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பயணம் போகவிருந்தவர்கள், போகாதவர்களைவிடப் புறப்படுவதற்கு முன்பே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். திரும்பி வந்த பிறகோ பெரும்பாலோருக்கு அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. தம் பயணம் மிகவும் இளைப்பாறலாக அமைந்தது என்று சொன்னவர்களிடம் மட்டுமே அது சில காலம் நீடித்தது. ஓர் ஆய்வை வைத்து வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியாது என்றாலும், நான் கண்டவரையில் இது முற்றிலும் பொருந்துகிறது.

எனவே, நான் இடங்களை எண்ணுவதில்லை. ஒரே கட்டிலில் எத்தனை இரவுகள் என்றுதான் எண்ணுகிறேன். மூன்றாவது நாள் காலையில் ஓர் ஊர் தன்னைத் திறந்து காட்டத் தொடங்குகிறது. முதல் நாள் வழி கேட்டவரே அன்று தலையசைத்து நலம் விசாரிக்கிறார். எந்தத் திருப்பத்தில் காலை வெயில் விழும், எந்தத் திண்ணையில் அமர்ந்தால் யாரும் எழுப்பமாட்டார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. இவற்றை எந்தப் பட்டியலிலும் எழுத முடியாது. இது சோம்பல் ஆகாது.

திசைமானி எழுதியது:

படகுத்துறை ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் மறுபக்கத்தையும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். மெதுவாகப் பயணம் செய்பவரை ஆழமானவர் என்றும், பட்டியலோடு போகிறவரை மேலோட்டமானவர் என்றும் கருதும் வழக்கம் பரவிவருவது எனக்கு வருத்தம் தருகிறது. மெதுவாக இருப்பதற்கு முதலில் நேரம் வேண்டும். மீண்டும் வரலாம் என்ற நம்பிக்கையும் வேண்டும். இவை இரண்டும் இல்லாத ஒருவர், வாழ்நாளில் ஒருமுறை போகக்கூடிய இடத்துக்கு வந்து, சிறுவயது முதல் படத்தில் மட்டும் கண்ட ஒன்றை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று துடித்தால், அந்தத் துடிப்பில் குறை காண நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஊதியத்தோடு கூடிய விடுமுறை மனிதருக்குரிய உரிமை என்பதே அண்மையில் ஏற்கப்பட்ட ஒன்று. ஐக்கிய நாடுகள் அவை 1948ஆம் ஆண்டு வெளியிட்ட உலகளாவிய மனித உரிமைகள் அறிக்கையின் 24ஆவது பிரிவு ஓய்வையும் ஊதியத்தோடு கூடிய விடுமுறையையும் உரிமைகளாகக் குறிப்பிடுகிறது. இன்றும் பலருக்கு அது தாளில்தான் இருக்கிறது. கிடைத்த சில நாட்களை நிரப்பிக்கொள்ள விரும்புகிற மனிதரிடம் நாம் பரிவோடு நடந்துகொள்ள வேண்டும். உங்கள் கணவரின் பட்டியலுக்குப் பின்னால் இத்தகைய ஏக்கம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பட்டியல் போடுவது பெரும்பாலும் அன்பின் வேலை. உடன் வருபவர்கள் எதையும் தவறவிடக் கூடாது என்ற கவலை அதில் இருக்கும்.

நகர்வது என்பதே ஒரு மகிழ்ச்சி என்பதையும் மறந்துவிட வேண்டாம். ரயிலில் ஜன்னலோர இருக்கையில் அமர்ந்து, அருகிலுள்ள கம்பங்கள் விரைந்து பின்னோட, தொலைவிலுள்ள மலை மட்டும் நெடுநேரம் கூடவே வருவதைப் பார்த்துக்கொண்டு போவதற்கு ஈடாக எந்தத் தங்கலையும் என்னால் சொல்ல முடியாது. ஆகவே, நகரும் நாட்கள் இருக்கட்டும். அந்த நாட்களில் நகர்வதைத் தவிர வேறு எதையும் அட்டவணையில் சேர்க்காதீர்கள் என்பதே என் பரிந்துரை.

கல்மேடை எழுதியது:

சுருக்கமாக ஒன்று. மூவர் சேர்ந்து போகும்போது, மிக மெதுவாக நடப்பவரின் வேகம்தான் மூவருக்கும் வேகம். நல்ல உடல்நிலையில் உள்ளவர் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் நடப்பார். கைபேசி வரைபடம் அந்தக் கணக்கில்தான் நேரம் காட்டுகிறது. உங்கள் அம்மாவுக்கு அதுபோல் இரண்டு மடங்கு நேரம் ஆகலாம். இடையில் அமரவும் இடம் வேண்டும். நான் என் தந்தையோடு போகும்போது, வழியில் எங்கெல்லாம் உட்கார இடம் இருக்கிறது, கழிப்பறை எங்கே இருக்கிறது, எத்தனை படிகள் ஏற வேண்டும் என்பதையே முதலில் விசாரித்துக்கொள்வேன். "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்று பெரியவர்கள் சொல்லத் தொடங்கினால், அவர்களுக்கு வலிக்கிறது, சொல்லத் தயங்குகிறார்கள் என்று கொள்ளுங்கள்.

மெல்லநடை எழுதியது:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. திசைமானி சொன்னபடி என் கணவரிடம் பேசினேன். இளமையில் அவருடைய வீட்டில் யாரும் எங்கும் போனதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கும் இந்தப் பட்டியலுக்கும் தொடர்பு உண்டு என்பதை அவர் வாயால் இப்போதுதான் கேட்டேன். இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நாங்கள் அனைவருமே நிறையப் படம் எடுக்கிறோம். படம் எடுப்பதால்தான் இடங்கள் மனதில் பதியாமல் போகின்றனவா? இம்முறை கைபேசியைப் பைக்குள் வைத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

ஒளிநிழல் எழுதியது:

படம் எடுப்பதையே விட்டுவிட வேண்டாம் என்பேன். இது குறித்த ஆய்வுகள் இருதிசையிலும் பேசுகின்றன. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருள்களை முழுமையாகப் படம் எடுத்தவர்கள், அவற்றை வெறுமனே உற்றுப் பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். எனினும், ஒரு பொருளின் ஏதேனும் ஒரு பகுதியை நெருக்கமாகப் பெரிதாக்கிப் படம் எடுத்தவர்களுக்கு இந்த மறதி ஏற்படவில்லை. 2017ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, எதைப் படம் எடுப்பது என்பதைத் தாமே தேர்ந்துகொண்டவர்களுக்குக் கண்ணால் கண்டவை கூடுதலாகவும், காதால் கேட்டவை குறைவாகவும் நினைவில் நின்றன என்று காட்டியது. எங்கே நோக்குகிறோமோ அங்கே மனம் போகிறது. கேமரா கையில் இருக்கும்போது செவி பின்தங்கிவிடுகிறது.

நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். ஓர் இடத்தை அடைந்தவுடன் கைபேசியை எடுப்பதில்லை. முதலில் சற்று நின்று, அங்கே கேட்கும் ஒலிகளைப் பிரித்துப் பார்ப்பேன்: நீர் விழும் ஓசை, காலடி, தொலைவில் யாரோ யாரையோ அழைக்கும் குரல். அதன் பிறகு, அந்த இடத்தில் என்னை ஈர்த்த ஒரு சிறு பகுதியை மட்டும் எடுப்பேன். படியில் தேய்ந்த குழி, கதவின் தாழ்ப்பாள், சுவரில் விழுந்த இலை நிழல் போன்றவை. முழுக் காட்சியின் படங்கள் இணையத்தில் நம்மைவிடத் திறமையாக எடுக்கப்பட்டுக் கிடக்கின்றன. அந்தக் குழியைப் படம் எடுத்தவர் அநேகமாக நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

இதில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் ஒன்று உண்டு. உங்கள் படகோட்டியைப் போன்ற மனிதர்களைப் படம் எடுக்கும்போது அவர்களுடைய அனுமதியைக் கேட்டாக வேண்டும். மொழி தெரியாவிட்டாலும், கைபேசியைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினால் கேள்வி புரிந்துவிடும். வேண்டாம் என்று தலையசைத்தால் முகம் கோணாமல் விலகிவிட வேண்டும். அவர் தம் வேலையில் இருக்கிறார். விடுப்பில் இருப்பவர்கள் நாம்தான். பார்வையாளர் என்ற நிலை நமக்கு எந்தத் தனி உரிமையையும் தருவதில்லை. பயணத்தில் நம்முடைய விழுமியங்கள் வெளிப்படுவது இத்தகைய சிறு இடங்களில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படகுத்துறை எழுதியது:

வீட்டிலேயே கிடைக்கும் மகிழ்ச்சிக்காகத் தொலைவு போக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு யாரும் விடை சொல்லவில்லை. தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் தாம் பிறந்த கோனிக்ஸ்பெர்க் நகரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் விட்டு அதிகத் தொலைவு போனதே இல்லை. ஆனாலும் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் புவியியல் கற்பித்தார். ஆகவே, போயே தீர வேண்டும் என்பதில்லை. ஆனால் நம்மில் பலருக்கு வீட்டில் இருக்கும்போது எதையும் பார்க்கக் கண் வருவதில்லை. எழுந்ததும் வேலைகள் வரிசையில் நின்றுவிடுகின்றன. அந்த வரிசையிலிருந்து சில நாட்கள் விடுபடுவதற்காகவே தொலைவு தேவைப்படுகிறது. அம்மாவோடு கடிகாரம் பாராமல் பேசிக்கொண்டிருக்க வீட்டில் உங்களுக்கு நேரம் கிடைத்திருக்குமா என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

திசைமானி எழுதியது:

கணவரோடு பேசியதாக எழுதியிருந்தது மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. இனித் திட்டம் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். "இதைப் பார்க்காமல் வந்தால் பின்னாளில் வருந்துவேன்" என்ற அளவுக்கு முக்கியமான ஓர் இடத்தை மூவரும் ஆளுக்கொன்றாக எழுதட்டும். அம்மாவும் எழுத வேண்டும். அவரிடம் பலரும் கேட்பதே இல்லை. அந்த மூன்றும் உறுதி. மற்றவை அன்றன்றைய மனநிலையைப் பொறுத்தவை.

கடைசி நாளைக் காலியாக வையுங்கள். உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனையில், மிகக் குளிர்ந்த நீரில் கையை 60 நொடிகள் வைத்திருந்த அனுபவத்தைவிட, அதே 60 நொடிகளோடு சற்றே குளிர் குறைந்த நீரில் மேலும் 30 நொடிகள் சேர்ந்த அனுபவத்தையே மீண்டும் செய்யப் பலர் தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வேதனை கூடியபோதும், முடிவு சற்று இதமாக இருந்தது என்பதே காரணம். பயணத்தின் கடைசி நாளில் விட்டுப்போன இடங்களை எல்லாம் அள்ளிக்கொள்ளப் பார்த்து, வண்டிக்கு ஓடி, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்து வீடு சேர்ந்தால், அதற்கு முன்பிருந்த நல்ல நாட்களும் அந்த நிறத்திலேயே நினைவில் தங்கிவிடக்கூடும்.

திரும்பும் வண்டி எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்தே இது அமையும். விடியற்காலை வண்டி என்றால் முந்தைய நாள் முழுவதும் பை கட்டுவதிலேயே போய்விடும். நண்பகலுக்குப் பிறகு புறப்படும் வண்டி கிடைக்கிறதா என்று பாருங்கள். அது கிடைத்த பிறகு மற்ற நாட்களுக்கு முன்பதிவு செய்யலாம்.