புதுப்பிப்பு: எங்கள் துறையின் மூன்று தம்புராக்கள்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: வேலூரில் நான் தலைமை ஏற்றிருக்கும் இசைத் துறையில் மூன்று தம்புராக்களும் மூலையில் கிடக்கின்றன, கையிலுள்ள தொகையில் மின்னணு சுருதிப்பெட்டி வாங்குவதா, இவற்றைச் சரிசெய்வதா என்று. ‘தம்புராவை விட்டுவிடாதீர்கள்’ என்றுதான் பெரும்பாலானவர்கள் சொன்னீர்கள். விடவில்லை.

வாத்தியம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். நம்ம ஊர் வெயிலில் மரம் சுருங்கி, தந்தியை முறுக்கிச் சுருதி கூட்டும் பிரடைகள் நழுவியிருந்தன. சாக்பீஸ் பொடி தேய்த்து இறுக்கினார். பஞ்சமம், சாரணி இரண்டு, மந்தரம் என நான்கு தந்திகளும் புதிது. அப்புறம் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கட்டையின்மேல், தந்திக்கடியில் வைக்கும் ஜீவா நூலை மயிரளவு நகர்த்தினார், அறையே நிறைந்துவிட்டது! முதலாண்டு மாணவி ஒருத்தி கீழ் ஸட்ஜமான மந்தரத்தை மீட்டிவிட்டு, “சார், அதுக்குள்ள காந்தாரம் கேக்குது” என்றாள். காந்தாரத்துக்கென்று தனித் தந்தி கிடையாது, ஸட்ஜத்துக்குள்ளிருந்தே மெல்ல எழும் ஸ்வரம் அது. எத்தனை வகுப்பெடுத்தாலும் சொல்லிப் புரியவைக்க முடியாத விஷயம்.

இப்போது காலையில் முதல் அரைமணி நேரம் சுருதி சேர்க்க மட்டும். பாடத்திட்டம் பின்தங்கும் என்று சக ஆசிரியர்கள் இருவர் கவலைப்படுகிறார்கள். நியாயம்தான், பேசி வருகிறோம். மூன்றாவது தம்புராவின் பலா மரக் குடத்தில் விரிசல் இருக்கிறது. தஞ்சாவூரில் பலா மர வேலை தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.