பாண்ட் டிரேடிங்கிலிருந்து பிரைவேட் ஈக்விட்டிக்குப் போக வழி உண்டா?

சேது_பாண்ட்:
மும்பையில் ஒரு வங்கியின் கார்ப்பரேட் பாண்ட் டெஸ்க்கில் நாலு வருஷமாக டிரேடர். சிஎஃப்ஏ (முதலீட்டு ஆய்வுக்கான தேர்வு) முடித்தாச்சு. எம்பிஏ இல்லை, டீல் அனுபவமும் இல்லை. பிஇ (பிரைவேட் ஈக்விட்டி, அதாவது கம்பெனிகளில் பங்கு வாங்கி, வளர்த்து விற்கும்) ஃபண்டுகளுக்கு ரெஸ்யூமே அனுப்பினால் பதில் வருவதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

வரவுசெலவு:
கம்பெனியின் கட்டுப்பாட்டையே வாங்கும் பைஅவுட் ஃபண்டுக்கு நேரே முயற்சி செய்யாதீங்க. அசோசியேட் வேலைக்கு எம்&ஏ (கம்பெனி வாங்கல், இணைப்பு) பேங்கர்கள் வரிசையில் நிற்கிறாங்க. உங்களுக்குப் பக்கத்து வாசல் பிரைவேட் கிரெடிட் (கம்பெனிகளுக்கு நேரே கடன் தரும் ஃபண்டுகள்), ஸ்பெஷல் சிச்சுவேஷன்ஸ் (சிக்கலில் உள்ள கம்பெனிகளில் முதலீடு) டீம்கள். கவனன்ட் (கடன் ஒப்பந்த நிபந்தனை), அடமானம், ரேட்டிங் இறங்கினால் என்ன ஆகும் என்பதெல்லாம் நீங்க தினமும் பார்ப்பதுதான். 2016-ல் திவால் சட்டம் வந்தபின், தவணை தவறிய கம்பெனியின் கடனை வாங்கி, தீர்வுத் திட்டம் வழியாக ஓனர்ஷிப் வரை போகும் டீல்களும் நடக்கின்றன. அங்கே கடன், ஈக்விட்டி இரண்டு வேலையும் கலந்தே வரும். ஈக்விட்டி டீமுக்கு மாற அந்த அனுபவம் கைகொடுக்கும்.

ரெஸ்யூமேயில் லாப நஷ்டமும் டர்ன்ஓவரும் மேலே இருந்தால் கீழே இறக்குங்க. ‘இந்தக் கம்பெனியின் பாண்டை ஏன் வாங்கச் சொன்னேன், கேஷ் எங்கிருந்து வரும் என்று பார்த்தேன்’ என்று இரண்டு கம்பெனிகளைப் பற்றி எழுதுங்க. எம்பிஏ கட்டாயமில்லை. ஆனால் டீல் அனுபவமும் இல்லாதபோது, அந்த இடத்தை நிரப்ப ஏதாவது காட்டியாகணும்.

எக்ஸெல்_மணி:
கம்பெனியின் கணக்கை எக்ஸெல்லில் போட்டுக் காட்டும் மாடல் டெஸ்ட்டில்தான் டிரேடர்கள் விழறாங்க. முதலில் எல்பிஓ (கடன் வாங்கிக் கம்பெனியை வாங்குவது) கணக்கைப் பேப்பரில் போட்டுப் பழகுங்க. எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் லாபம்) 100 கோடி, 8 மடங்குக்கு வாங்கினால் 800 கோடி. கடன் 400, ஈக்விட்டி 400. அஞ்சு வருஷத்தில் எபிட்டா 150 ஆகி, அதே 8 மடங்குக்கு விற்றால் 1,200. கடன் 200-க்கு இறங்கியிருந்தால் ஈக்விட்டி 1,000. அதாவது 2.5 மடங்கு, ஐஆர்ஆர் (வருஷத்துக்கான கூட்டு வருமான விகிதம்) சுமார் 20%. அடுத்த கேள்வி, 600 கோடி லாபம் எதிலிருந்து வந்தது என்பது. 400 எபிட்டா வளர்ச்சியில், 200 கடன் அடைத்ததில். இதைக் கால்குலேட்டர் இல்லாமல் சொல்ல வரணும்.

அப்புறம் மூணு ஸ்டேட்மென்ட் (லாப நஷ்டம், பேலன்ஸ் ஷீட், கேஷ் ஃப்ளோ) மாடல். வட்டியைச் சராசரிக் கடன்மீது போட்டால் வட்டி கடனைப் பொறுத்தும் கடன் வட்டியைப் பொறுத்தும் மாறும் சுற்றுக்கணக்கு வந்து ஷீட் மாட்டிக்கும். டெஸ்ட்டில் ஆரம்ப பாக்கிமீது போட்டுவிட்டு, அதைக் குறிப்பாக எழுதிடுங்க. அதைவிட முக்கியம் வொர்க்கிங் கேபிடல் (அன்றாடத் தொழிலில் முடங்கும் பணம்). விற்பனை 730 கோடி என்றால் ஒரு நாளுக்கு 2 கோடி. வரவேண்டிய பாக்கி 60 நாளிலிருந்து 90 நாளானால் 60 கோடி கேஷ் உள்ளே மாட்டிக்கிட்டது. எபிட்டா அழகாக இருக்கும், கடன் அடைக்கப் பணம் இருக்காது.

இந்தியாவில் பங்கு வாங்க வங்கிக் கடன் கிடைக்காதபடி ரிசர்வ் வங்கி நீண்ட காலம் கட்டுப்பாடு வைத்திருந்தது. அதனால் இங்கே சிறுபான்மைப் பங்கு எடுக்கும் குரோத் டீல்கள் நிறைய. புரமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி) ஒத்துழைக்கலேன்னா எப்படி வெளியே வருவது என்று இன்டர்வியூவில் கேட்பாங்க. டிராக் அலாங் (நாம் விற்கும்போது மற்றவரையும் விற்க வைக்கும் உரிமை), புட் ஆப்ஷன் (நம் பங்கை அவரே வாங்கச் சொல்லும் உரிமை), ஐபிஓ கெடு (பங்குச் சந்தையில் பட்டியலிடக் கடைசித் தேதி) ஆகிய ஷரத்துகளைப் படிச்சுட்டுப் போங்க.

சேது_பாண்ட்:
நன்றி. சம்பளம் எப்படி மாறும்?

வரவுசெலவு:
வருஷ போனஸ் குறையும் என்றே கணக்கு வைங்க. கேரி என்பது ஃபண்ட் நடத்தும் டீமுக்குக் கிடைக்கும் லாபப் பங்கு, ஃபண்ட் லாபத்தில் வழக்கமாக 20%, அதுவும் முதலீட்டாளருக்கு 8% மாதிரி ஒரு ஹர்டில் (குறைந்தபட்ச வருமானம்) தாண்டியபின். ஃபண்டின் ஆயுள் சுமார் பத்து வருஷம். கையில் பணம் வருவது பெரும்பாலும் பின்பாதியில். ஜூனியர்களுக்கு கேரி கிடைக்காமலும் போகலாம். ஆஃபர் வந்தால் வெஸ்டிங் (கேரி முழுசாக உங்களுடையதாக ஆகும் காலம்) எத்தனை வருஷம், நடுவில் விலகினால் எவ்வளவு போகும் என்று எழுத்தில் வாங்குங்க.

இன்னொன்று: சொந்தக் கணக்கில் டிரேடிங் பழக்கம் இருந்தால், ஒவ்வொரு ஆர்டருக்கும் கம்ப்ளையன்ஸில் முன் அனுமதி தேவைப்படும். எஃப்&ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பொசிஷன் திறந்திருந்தால் சேருவதற்கு முன்பே முடிச்சுடுங்க.